திருப்பிக் கொடுக்கும் வசதி: சுங்கை சிப்புட்டில் இருந்து அதற்கு யார் காசு கட்டுகிறார்கள்?

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்காரர்கள் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பதிவின் மேலேயும் இருப்பது அதை எழுதியவர் வைத்துக்கொண்ட பெயர்.)

செம்பனைக்காடு

சில பெரிய இணையத் தளங்களில் வாங்கினால் 15 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், மனம் மாறிவிட்டது என்று சொன்னாலே போதும். ஐக்கியா மாதிரிக் கடைகளில் ஓராண்டு வரை கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதைப் புகழாத ஆளே இல்லை. நானும் இது கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது.

திரும்பி வரும் சாமானுக்கு ஆகும் செலவைக் கடைக்காரர் தன் பையிலிருந்து போடுவதில்லை. அது விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விலையைக் கொடுப்பவர் எல்லோரும், திருப்பிக் கொடுப்பவர் சிலர். நம் பக்கம், அதிலும் செம்பனை, ரப்பர்த் தோட்டத்துக்குள் இருப்பவர்களில், யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? விடியும் முன்னே வேலைக்காட்டுக்குப் போய் மதியம் வீடு திரும்புகிறவர், அளவு சரியில்லாத சப்பாத்தை மறுபடி பெட்டியில் கட்டி, டவுனில் இருக்கும் பார்சல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பேரங்காடியில் வாங்கியது என்றால் ஈப்போவுக்கே போக வேண்டும். 40 வெள்ளி (ரிங்கிட்) சாமானுக்காக யார் ஒருநாள் சம்பளத்தை விடுவார்? அளவு பொருந்துகிற சொந்தக்காரர் யாருக்காவது அது போய்ச் சேரும், அல்லது அலமாரியில் கிடக்கும்.

கோலாலம்பூரில் பேரங்காடிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் மூன்று அளவில் வாங்கி, போட்டுப் பார்த்து, இரண்டைத் திருப்பிவிடுகிறார். அந்த இரண்டுக்கு ஆன செலவில் ஒரு பங்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக் காசு. இது நியாயமா என்று கேட்கிறேன்.

மாலை ஷிப்ட்

அண்ணே, தூரத்தை வைத்து நீங்கள் சொல்வதை நான் அப்படியே மறுபக்கம் திருப்பிச் சொல்வேன். கடைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கூடுதல் சௌகரியம். நமக்கு அது இல்லாவிட்டால் வாங்கவே முடியாது.

என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பாதம் அகலம், விரல்கள் கொஞ்சம் வளைந்திருக்கும். டவுன் கடைகளில் அவருக்குப் பொருந்தும் சப்பாத்து கிடையாது. பொருந்தாததையே போட்டுக் காலைப் புண்ணாக்கிக்கொண்டு நடந்தார். இணையத்தில் அகலப் பாதத்துக்கென்றே விற்கிறார்கள், ஆனால் 120 வெள்ளி கொடுத்து, பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் வாங்கவே இல்லை. இலவசமாகத் திருப்பலாம் என்று வந்த பிறகுதான் துணிந்து போட்டேன். முதல் ஜோடியைத் திருப்பினேன், அடுத்தது பொருந்தியது. இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்.

விலையில் இரண்டு மூன்று வெள்ளி ஏறியிருக்கலாம். அந்தத் தைரியத்துக்கு நான் கொடுக்கும் காசு அது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜவுளிக்கடை அக்கா

தம்பி, தங்கச்சி இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது. கடை வைத்திருப்பவள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்குச் சரக்கு கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருகிறது. மொத்த வியாபாரியிடம் எடுத்தால் எடுத்ததுதான். மாதிரி மாறி வந்தால் மாற்றிக் கொடுப்பார்கள், விற்கவில்லை என்று கொண்டுபோனால் உள்ளேயே விட மாட்டார்கள். பெரிய சங்கிலிக் கடை, திரும்பி வந்த சரக்கைத் தயாரிப்பாளர் தலையிலோ வேறு கிளையிலோ தள்ளிவிடும். என்னிடம் வருவது என்னிடமே நிற்கும். அதனால்தான் 'பணம் திருப்பித் தரப்படாது, மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நம்ம ஊர் ஜவுளிக்கடை எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான்.

ஆனால் இப்போது வருகிறவர்கள் இணையத்தை வைத்து என்னிடம் பேசுகிறார்கள். "அங்கே 15 நாள் தருகிறார்கள், நீங்கள் ஏன் தரக்கூடாது?" தீபாவளிக்கு முந்தின வாரம் சேலை எடுத்துப்போய், தீபாவளி முடிந்து கொண்டுவருகிறார்கள். பிரித்தே பார்க்கவில்லை என்பார்கள். பிரித்தால் சாம்பிராணி வாசம் வரும், மடிப்பில் ஊசி குத்திய தடம் இருக்கும், முந்தானையில் மஞ்சள் கறை இருக்கும். ஒருமுறை ஃபால்ஸ் அடித்த சேலையே வந்தது. தெரிந்த முகம், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போய் மொய் வைத்தவள். முகத்துக்கு நேராக 'கட்டியிருக்கிறீர்கள்' என்று எப்படிச் சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டு பாதி விலைக்குத் தள்ளினேன்.

பெரிய கடையில் அப்படி ஒரு சேலை வந்தால் அது கணக்கில் ஒரு வரி. எனக்கு அது அந்த நாள் வியாபாரம். திருப்பிக் கொடுக்கும் வசதியால் விலை ஏறுகிறதா என்று மட்டும் பேசுகிறீர்கள். அந்த வசதியைத் தர முடியாத சின்னக் கடைகள் என்ன ஆகின்றன என்பதையும் பேச வேண்டும்.

கிடங்குப் பையன்

நான் சுங்கை சிப்புட் பையன்தான், ஷா ஆலாமில் திரும்பி வரும் பார்சல்களைப் பிரிக்கும் கிடங்கில் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

புதுச் சாமான் அனுப்புவது சுலபம், ஒரே மாதிரிப் பெட்டிகள், வரிசையாகப் போகும். திரும்பி வருவது ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆள் உட்கார்ந்து பிரித்து, அதே பொருள்தானா என்று பார்த்து, வில்லை (லேபிள்) இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, தரம் பிரிக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் புதுப் பையில் போட்டு மறுபடி அலமாரிக்குப் போகும். ஒரு சட்டையை அனுப்ப ஆகும் நேரத்தைவிட அதே சட்டையைத் திரும்ப வாங்கி வைக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. பெட்டி கிழிந்தது, வில்லை இல்லாதது எல்லாம் லாட்டாகக் கட்டி விற்பனைக்குப் போகும், பழைய துணி விற்கும் பண்டல் கடைக்காரர்கள் எடை போட்டு எடுத்துப் போவார்கள். ரொம்ப மலிவான பொருள் என்றால் திருப்பி வாங்கும் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். அப்போது சில விற்பனையாளர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

அக்கா சொன்ன மஞ்சள் கறைச் சேலை எங்களுக்கும் வருகிறது. பெருநாள் எதுவானாலும் முடிந்த கையோடு துணி பார்சல் குவியும், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, நம்ம தீபாவளி, எல்லாத்துக்கும்.

பழைய கிராணி

தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதியவன், கணக்கு என்றால் கை சும்மா இருக்காது. செம்பனைக்காடு தம்பி கேட்ட கேள்விக்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஒருவர் 100 சட்டையை 30 வெள்ளிக்கு வாங்கி 42-க்கு விற்கிறார். எதுவும் திரும்பாவிட்டால் லாபம் 1,200. இப்போது 10 சட்டை திரும்பி வருகிறது. போக வர ஒவ்வொன்றுக்கும் 12 வெள்ளி, மொத்தம் 120. அந்த 10-ல் ஆறு மறுபடி விற்கும், நான்கு வீண். ஆக 96 சட்டை விற்ற காசில் 3,000 முதல், 120 போக்குவரத்து, 1,200 லாபம், எல்லாம் வர வேண்டும். 4,320-ஐ 96-ஆல் வகுத்தால் 45. சட்டைக்கு மூன்று வெள்ளி ஏறிவிட்டது. திருப்பிய பத்துப் பேருக்குப் பணம் முழுதாகக் கிடைத்தது, வைத்துக்கொண்டவர்கள் ஆளுக்கு மூன்று வெள்ளி கட்டினார்கள். செம்பனைக்காடு தம்பி சொன்னது இதைத்தான்.

பத்தில் ஒன்று என்பது மிகையும் இல்லை. அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு, 2024-ல் அந்நாட்டு விற்பனையில் 16.9 விழுக்காடு திரும்பி வரும், அதன் மதிப்பு 89,000 கோடி டாலர் என்று கணக்கிட்டது. நம் நாட்டு வழக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்தப் பக்கமாகத்தான் போகிறோம்.

இந்த வசதி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதற்கு எல்.எல். பீன் என்ற அமெரிக்கக் கடையின் கதை நல்ல சாட்சி. 1912-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒருவர், அடிப்பாகம் ரப்பரும் மேற்பாகம் தோலுமாக வேட்டைக்காரர்களுக்கு ஒரு பூட்ஸ் செய்து விற்றார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 திரும்பி வந்தது, ரப்பரும் தோலும் சேரும் இடத்தில் பிரிந்துவிட்டது. அவர் எல்லோருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, பூட்ஸைச் சரிசெய்து மறுபடி விற்றார். அந்தப் பெயரை வைத்துத்தான் கடை வளர்ந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பது நூறாண்டு நின்றது. 2018 பிப்ரவரியில் அதை ஓராண்டாகக் குறைத்து, வாங்கிய சான்றும் வேண்டும் என்றார்கள். ஐந்தாண்டில் 25 கோடி டாலர் நட்டம் என்று சொன்னார்கள். பழைய பொருள் சந்தையில் மலிவாக வாங்கி, அதைக் கொண்டுவந்து புதிதாக மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்களாம். ஆர்.இ.ஐ. என்ற இன்னொரு கடையும் 2013-லேயே வாழ்நாள் வசதியை ஓராண்டாக்கியது.

தன் பொருளில் குறை இருந்ததால் அந்த மனிதர் பணம் கொடுத்தார். பின்னால் வந்தவர்களோ பொருளைத் தேய்த்துவிட்டுப் பணம் கேட்டார்கள். முதலாவது வியாபார தர்மம். இரண்டாவதற்கு ஆன செலவை, ஒழுங்காக வைத்துப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் கொடுத்திருக்கிறார்கள்.

மாலை ஷிப்ட்

ஐயா, உங்கள் கணக்கில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். திருப்பலாம் என்று சொன்னதால் 100 சட்டை விற்ற இடத்தில் 130 விற்கலாம் இல்லையா? கடை வாடகையும் ஆள் சம்பளமும் அதே அளவுதான், அது அதிகச் சட்டைகளுக்குப் பிரிந்துபோகும். விலை ஏறாமலும் இருக்கலாம்.

ஈப்போவில் பகுதிநேரமாக டிப்ளோமா படிக்கிறேன், அங்கே ஒரு பாடத்தில் வந்தது. இது பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. தாராளமான வசதி வாங்குவதையும் கூட்டுகிறது, திருப்புவதையும் கூட்டுகிறது, ஆனால் வாங்குவது அதிகமாகக் கூடுகிறது என்பது முடிவு. இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முழுப் பணம், அலைச்சல் இல்லாமல் திருப்புவது, இந்த இரண்டும் வாங்க வைக்கின்றன. நாள் அதிகம் கொடுத்தால் திருப்புவது குறைகிறதாம். பொருள் வீட்டில் இருக்க இருக்க நம்முடையது ஆகிவிடுகிறது, அவசரமும் இல்லை, அப்படியே தங்கிவிடுகிறது. அக்கா, உங்கள் மூன்று நாளை ஒரு வாரமாக்கினால் திரும்பி வருவது கூடும் என்று பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செம்பனைக்காடு

தங்கச்சி, அந்த ஆய்வே என் பேச்சுக்கும் சாட்சி. நாள் கூடினால் பொருள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்றால், திருப்பலாம் என்ற நம்பிக்கையில் வாங்கித் திருப்பாமல் விட்டவர்கள் நிறைய என்று அர்த்தம். நம் வீடுகளில் நான் பார்ப்பது அதுதான். சம்பளத் தேதிக்கு அப்புறம் நாலைந்து பார்சல் வரும், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம் என்பார்கள். 15 நாள் போய்விடும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அந்த வசதி வாங்கத் தூண்டியது, ஆனால் திருப்பக் கை கொடுக்கவில்லை.

அப்புறம், சில கடைகள் கட்டணம் போடத் தொடங்கியபோது யார் மாட்டினார்கள் என்று பாருங்கள். ஸாரா துணிக்கடை 2022-ல் பிரிட்டனில் தபாலில் திருப்பினால் 1.95 பவுண்டு பிடித்தது. நேரில் கடைக்கு வந்தால் இலவசம். செலவைத் திருப்புகிறவரே கொடுக்கட்டும் என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்போதும் தப்பித்தார், தூரத்தில் இருப்பவர்தான் கட்டினார்.

உங்கள் அம்மாவின் சப்பாத்துக்கு நான் ஒரு வார்த்தை எதிராகச் சொல்ல மாட்டேன். அது மாதிரித் தேவைக்கு இந்த வசதி இருக்கட்டும். மூன்று அளவு வாங்கி இரண்டைத் திருப்புவதை வழக்கமாக வைத்திருப்பவர் அதற்கான செலவில் ஒரு பகுதியாவது கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஐந்து வெள்ளி மனு

இவ்வளவு நேரம் எல்லோரும் இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்தே பேசுகிறீர்கள். பயனீட்டாளர் விவகாரங்களில் சிலருக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். மனம் மாறித் திருப்புவது வேறு, பொருள் கெட்டுப்போனதால் திருப்புவது வேறு. முதலாவது கடை தன் விருப்பத்தில் தரும் சலுகை. தராவிட்டால் கேட்க முடியாது. இரண்டாவது சட்டம் கொடுத்த உரிமை, அதைக் கடை பறிக்க முடியாது.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இல்லையென்றால் பழுதுபார்த்துத் தர வேண்டும், முடியாவிட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், சுவரில் எழுதியிருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை ஒப்பந்தம் போட்டு விலக்க முடியாது என்று 6-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும், பல மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் போய் நின்றால் திருப்பும் உரிமை போய்விடலாம். நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கும் செல்லாது.

நம் ஊரில் நான் கண்ட கொடுமை இதுதான். 15 நாள் மனம் மாறும் வசதியைப் பற்றி எல்லோருக்கும் தெரிகிறது, இந்த உரிமை தெரியவில்லை. தோட்டத்தில் இருக்கும் ஒரு பாட்டி தவணையில் வாங்கிய துணி துவைக்கும் மெஷின் சில வாரத்தில் நின்றுவிட்டது. கடையில் ரசீதைக் காட்டி, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பாட்டி தவணையையும் கட்டிக்கொண்டு, துணியைக் கையிலேயே துவைத்தார். மனு எழுதி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும் கடை புது மெஷின் அனுப்பியது.

தீர்ப்பாயத்தில் பதியக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 2019-க்கு முன் அது 25,000-ஆக இருந்தது. வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இணையத்திலேயே பதியவும் வழி இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் இதே சட்டம்தான்.

பழைய கிராணி

இது நல்ல விளக்கம். இதோடு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக் கடையில் 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி வாங்கிய காலத்தில் எங்களுக்கு எந்தச் சட்டமும் தெரியாது. ஆனால் அரிசியில் வண்டு இருந்தால் அம்மா மூட்டையோடு கொண்டுபோவார், கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுப்பார். சம்பளத் தேதிக்கு நாங்கள் அவரிடம் போக வேண்டும், அவருக்கும் நாங்கள் வேண்டும். அது கருணை என்று நினைத்துவிட வேண்டாம், கடன் கொடுத்ததற்கும் மாற்றிக் கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் சாமான் டவுன் விலையைவிடக் கூட இருந்தது. அப்போதும் விலையில்தான் ஏறியது. ஆனால் யார் கட்டினார்களோ அவர்களுக்கே அந்த வசதி கிடைத்தது. இன்றைக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஜவுளிக்கடை அக்கா

தம்பி ஐந்து வெள்ளி மனு, ஒரு சந்தேகம். என் கடையில் எழுதியிருக்கும் 'பணம் திருப்பித் தரப்படாது' தப்பா? நான் யாரையும் ஏமாற்றியதில்லை. நெய்தலில் ஓட்டை இருந்தால், சாயம் போனால், எப்போதும் மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து வெள்ளி மனு

மாற்றிக் கொடுப்பது நல்லதுதான் அக்கா. ஆனால் அதே சேலை வேறு இல்லை, அவருக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை என்றால், பழுதான துணிக்குப் பணம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. போர்டு அதை மறைக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதிவிடுங்கள். துணியில் பழுது இருந்தால் மாற்றிக் கொடுப்போம், மாற்றத் துணி இல்லாவிட்டால் பணம் தருவோம். பழுது இல்லாத துணியை, கட்டாமல், தைக்காமல், ரசீதோடு இத்தனை நாளுக்குள் கொண்டுவந்தால் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம், பணம் கிடையாது. மலாயிலும் எழுதுங்கள். கட்டிய சேலையோடு வருகிறவரிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டியதே இல்லை, போர்டைக் காட்டினால் போதும்.

மாலை ஷிப்ட்

அக்கா, மூன்று நாளை ஏழு நாளாக்குங்கள். ஷிப்டில் இருப்பவர்களுக்கு மூன்று நாளில் வரவே முடியாது. இதை நம்பி நானே உங்களிடம் வாங்குவேன்.

ஜவுளிக்கடை அக்கா

ஏழு நாள் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் மாற்றுவது பெருநாளுக்கு முதல் நாளோடு முடியும் என்று சேர்க்கிறேன், அதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது. பழுது இருந்தால் எந்த நாளும் வரலாம். மலாயில் எழுதிக் கொடுத்தால் அச்சடிக்கக் கொடுத்துவிடுவேன். அப்புறம் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் டவுனுக்கு ரெண்டாவது தரம் வர வேண்டாம், அளவு சந்தேகம் என்றால் இரண்டாக எடுத்துப்போய் வேண்டாததை லயத்திலிருந்து டவுனுக்கு வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டும். முகம் தெரிந்தவர்களுக்கு முன்பணமும் கேட்க மாட்டேன்.

செம்பனைக்காடு

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வேன் டவுனுக்கு வருகிறது அக்கா. துணிப் பைகளை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன், பையில் பெயரும் வீட்டு நம்பரும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மலாய் வாசகத்தை இன்றிரவு அனுப்பிவிடுகிறேன், ஐந்து வெள்ளி மனு தம்பி ஒருமுறை சரிபார்க்கட்டும்.